கால் அளவு

மதுரை,
23.11.2025, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் பேசியதில் பாதி அழுகை, பாதி கோபம். நான் பதில் ஒன்றும் சொல்லாமல், "சரிடா, முதல்ல சாப்பிட்டுப் படு" என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் விடிந்ததும் காபியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நிதானமாகப் படி. ஒரு தடவை படித்து எடுத்து வைத்துவிட்டு, நாளைக்கு இன்னொரு தடவை படி.

முதல் காரியம், அந்தத் திங்கட்கிழமை யோசனையை விட்டுவிடு. திருநெல்வேலியில் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி, மணி அடித்ததும் சின்னவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் வந்துவிடுவது என்றாயே, அது. "அப்பன் தன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா எந்தப் போலீஸ் கேக்கும்?" என்று உன் சிநேகிதர்கள் சொன்னார்களாம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனில் முடிவு பண்ண முடியாது என்பது சரிதான். ஆனால் உன் மனைவி மறுநாளே இங்கே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட முடியும். அப்போது நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு நீதிபதிகள் முன்னால் நிற்க வேண்டும், பின்னால் ஒரு காவலர் நிற்பார். அன்றைக்கு உன் பக்க நியாயம் எதுவும் முதலில் காதில் விழாது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைத் தூக்கியவன் என்பதுதான் விழும். அதன் பிறகு எத்தனை வருஷம் வழக்கு நடந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு நாளைத் திரும்பத் திரும்ப எடுத்து வைப்பார்.

அதையெல்லாம் விடு. சின்னவனை நினைத்துப் பார். மழை வந்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை. அம்மா வருவாள் என்று வாசலில் நிற்கிற நேரத்தில் யாரோ தூக்கிக் காருக்குள் போடுகிறார்கள், அந்த யாரோ தன் அப்பாவாகவே இருந்தாலும், அதற்கப்புறம் அவன் எந்தப் பள்ளிக்கூட வாசலில் பயமில்லாமல் நிற்பான்? அவள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கோர்ட்டில் கேள்.

அடுத்தது, பெரியப்பா சொன்ன ஐந்து வயசுக் கணக்கு. "அஞ்சு வயசு வரைக்கும்தான் அம்மாவுக்கு, அஞ்சு முடிஞ்சா சட்டப்படி பையன் அப்பாவுக்கு. சித்திரை வரைக்கும் பொறு" என்றாராம். நம் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1956ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில், ஆறாவது பிரிவில், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் கிடையாது. அதே சட்டத்தின் பதிமூன்றாவது பிரிவு, யாருக்கு உரிமை என்பதைவிடக் குழந்தையின் நலன்தான் மேலானது என்கிறது. கோர்ட்டில் கடைசியில் நிற்பது அந்தப் பதிமூன்றுதான்.

இன்னொன்றும் சொன்னாய், "நான்தான் அவனுக்கு இயற்கைக் காப்பாளர், அதுக்கப்புறம்தான் அவ" என்று. எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது, முதலில் தகப்பன், அவருக்குப் பிறகு தாய். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1999இல் தீர்ப்பு வந்தது. 'அவருக்குப் பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகுதான் என்று அர்த்தமில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாயே காப்பாளர்தான் என்றார்கள். நீ பிடித்துக்கொண்டிருக்கிற அந்த வார்த்தை 26 வருஷத்துக்கு முன்னாலேயே பலம் இழந்துவிட்டது.

பெரியப்பா பேச்சைக் கேட்டுச் சித்திரை வரைக்கும் சும்மா இருப்பதில் வேறு ஒரு கேடும் இருக்கிறது. குழந்தை ஓரிடத்தில் பழகிவிட்டால், அந்தப் பள்ளிக்கூடம், அந்தத் தெரு, அந்தச் சிநேகிதர்கள் என்று ஆகிவிட்டால், அங்கிருந்து பெயர்த்தெடுக்க எந்த நீதிபதிக்கும் சுலபத்தில் மனசு வராது. வரவும் கூடாது. இரண்டு மாசம் ஆகிவிட்டது. ஆறு மாசம் நீ சும்மா இருந்தால், "இத்தனை நாள் பிள்ளையைப் பார்க்க ஒரு மனுகூடப் போடவில்லையே?" என்ற கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்காது. அதனால் சீக்கிரம் போடு. எதற்குப் போடுகிறாய் என்பதுதான் முக்கியம்.

இந்த இடத்தில் உனக்கு என் மேல் கோபம் வரும். பரவாயில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது அவள். நீ பாசமான அப்பன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாசத்தில் இரண்டு வாரம் உனக்கு நைட் ஷிஃப்ட். முழுக்க என்னிடமே கொடுங்கள் என்று மனு போட்டால், ராத்திரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற முதல் கேள்விக்கே அம்மாவைக் காட்டுவாய். அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியவில்லை. நீ கேட்க வேண்டியது நாட்கள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வீட்டில், லீவில் எத்தனை நாள் என்று. சனி ஞாயிறு முழுசாக உன்னோடு, பரீட்சை லீவில் பாதி உன்னோடு என்று கிடைத்தால் அது பெரிய விஷயம். சேர்ந்து வளர்க்கிற முறையைச் சட்டத்திலேயே கொண்டு வர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் சொன்னது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு வந்தால் கோர்ட் அப்படி உத்தரவு போடும்.

எங்கே போடுவது என்று கேட்டாய். 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்களே, அது இந்தச் சட்டத்தின்படி போடுகிற மனு. குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டில் போட வேண்டும். நாலு வருஷம் கோயம்புத்தூரில் இருந்த பிள்ளை, இரண்டு மாசமாகத்தான் திருநெல்வேலியில். அதனால் கோயம்புத்தூரிலேயே போடலாம் என்று உன் வக்கீல் சொல்வதில் தப்பில்லை, வாதாடலாம். ஆனால் அவள் வழக்கை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போவாள். சின்னப் பிள்ளையை வைத்திருப்பவள் இத்தனை தூரம் அலைய முடியாது என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். எந்த ஊரில் நடத்துவது என்பதற்கே பல மாசம் போய்விடும். அத்தனை மாசமும் நீ பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டாய். என் யோசனை, திருநெல்வேலிக் குடும்ப நீதிமன்றத்திலேயே போட்டுவிடு. ராத்திரி ரயிலில் போய்விட்டு வரலாம். அலைச்சல் உன்னுடையதாக இருக்கட்டும்.

மனுவோடு சேர்த்தே, வழக்கு முடிகிற வரைக்கும் பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு ஓர் இடைக்கால மனு, ஐ.ஏ. என்பார்கள், அதையும் போடச் சொல். பெரிய மனு மெதுவாகத்தான் நகரும். நோட்டீஸ் போக வேண்டும், அவள் பக்கம் வக்காலத்து போட வேண்டும், பதில் மனு போட இரண்டு வாய்தா கேட்பார்கள், நடுவில் கவுன்சலிங். இடைக்கால மனு அதற்கு முன்னால் முடிந்துவிடலாம். நேரில் பார்க்க முடியாத நாட்களில் வீடியோ காலும் கேள். பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாத பெற்றவர் முடிந்தவரை அடிக்கடி அதனோடு பேச வழி செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தினமும் ராத்திரி ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் என்று நேரத்தோடு கேள். 'வசதிப்பட்டபோது' என்று எழுத விடாதே. என் பாப்பா வழக்கில் எங்கள் உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. எனக்கு மாசக்கணக்கில் வசதிப்படவே இல்லை.

ஆமாம், நான்தான் விடவில்லை. இதை உன்னிடம் இதுவரைக்கும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உனக்கு அந்த ஷூ ஞாபகம் இருக்கிறதா? 2011. நீ காலேஜில் கடைசி வருஷம். என்னோடு கோர்ட்டுக்குத் துணைக்கு வந்தது நீதான், பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை, உன்னைத் தவிர யாரிடமும் போகாது அப்போது. பார்க்க விடச் சொல்லி பாப்பாவின் அப்பா போட்ட மனுவில் ஒருவழியாக உத்தரவு ஆகி, முதல் சனிக்கிழமை. ஐந்து மாசம் கழித்து அவர் அவளைப் பார்க்கிறார். அந்த அறையில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கு, இரண்டு நாற்காலி, சுவரில் போன வருஷத்துக் காலண்டர். அவர் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து, கறுப்புப் பெல்ட் ஷூ, பக்கிளில் சிவப்புப் பூ வைத்தது, எடுத்துத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். பாப்பாவின் கால் உள்ளே போகவில்லை. ஐந்து மாசத்தில் வளர்ந்துவிட்டிருந்தாள். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விரல்களை உள்பக்கமாக மடக்கி, குதிகாலை அழுத்தி அழுத்தி உள்ளே திணித்து, "கரெக்ட்டா இருக்குப்பா" என்றாள். ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் அப்படியே நடந்தாள். ஆட்டோவில் கழற்றிப் பார்த்தால் இரண்டு சுண்டு விரலும் சிவந்திருந்தன.

நீ அன்றைக்குச் சொன்னாய், "பெத்த பொண்ணோட கால் அளவுகூடத் தெரியாத ஆளு." நான் சிரித்தேன். அதோடு விடவில்லை. அடுத்த வாய்தாவில் வக்கீலிடம் சொல்லி, குறுக்கு விசாரணையில் அந்த ஷூவைப் பற்றிக் கேட்க வைத்தேன். அவர் கூண்டில் நின்று பதில் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எப்படித் தெரியும் தம்பி? ஐந்து மாசம் அந்தக் காலைக் கண்ணால் பார்க்க விடாமல் வைத்திருந்தது நான். அன்றைக்கு நாம் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வரும் வழியில் ஜிகர்தண்டா குடித்தோம். பாப்பா நம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இன்றைக்கு நீ அந்த அட்டைப்பெட்டிக்காரனின் இடத்தில் இருக்கிறாய்.

நீதிபதி பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய கதையும் உனக்கு முழுசாகத் தெரியாது. குழந்தைக்கு விவரமாகச் சொல்லத் தெரிகிற வயசாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்று அந்த 1890 சட்டத்திலேயே இருக்கிறது. எந்த வயசு என்று சட்டம் சொல்லவில்லை. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது. அறைக்குள் பத்து நிமிஷம். "அப்பாவைப் பார்க்கப் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக இல்லை. எத்தனையோ வருஷம் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பாப்பா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ சொல்லச் சொல்லலம்மா. ஆனா அதுக்கு முந்தின நாள் ராத்திரி நீ சாப்பிடவே இல்ல. நான் அப்படிச் சொன்னா நீ சாப்பிடுவேன்னு நெனச்சேன்."

நான் சாப்பிட்டேன் தம்பி. அன்றைக்குச் சாயங்காலம் நாம் எல்லாரும் ஹோட்டலுக்குப் போனோம்.

ஒன்பது வயசுப் பிள்ளை அப்பனுக்காக விரலை மடக்கிக்கொண்டது, அம்மாவுக்காக அப்பனை வேண்டாம் என்றது. நாங்கள் இரண்டு பேரும் அவளுக்காகத்தான் வழக்கு நடத்துகிறோம் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். அவள்தான் எங்கள் இரண்டு பேரையும் சுமந்துகொண்டிருந்தாள். வழக்கு நடக்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எவர் முகம் வாடுகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சின்னவன் உன்னைப் பார்க்க வரும்போது நீ அழாதே. அவனைக் கட்டிக்கொண்டு, "அப்பாகிட்ட வந்துருடா" என்று கேட்காதே. "அம்மா என்ன சொன்னா, யார் யார் வீட்டுக்கு வர்றாங்க?" என்று துருவாதே. நாலு வயசுப் பிள்ளை உன் கண்ணீரை வீட்டுக்கு எடுத்துப் போய் என்ன செய்யும்?

கோர்ட்டில் உன்னை என்ன கேட்பார்கள் என்று கவலைப்பட்டாய். எங்கள் வழக்கில் நீதிபதி பாப்பாவின் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க பொண்ணோட கிளாஸ் டீச்சர் பேர் என்ன?" என்னிடம் கேட்டது, "கடைசியா எப்ப அவங்க அப்பாகிட்ட போன்ல பேச விட்டீங்க?" இரண்டு பேருமே விழித்தோம். சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் கொண்டுபோக வேண்டியதுதான். அதைவிட, தடுப்பூசி அட்டையில் எது பாக்கி, அவனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ராத்திரி எந்தப் போர்வை இல்லாமல் தூங்க மாட்டான், இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோர்ட்டுக்காகத் தெரிந்துகொள்ளாதே, நாளைக்கு இரண்டு நாள் உன்னோடு தங்கினால் தேவைப்படும்.

கவுன்சலிங்கைச் சடங்கு என்று நினைத்துவிடாதே. 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமே, முதலில் சமாதானத்துக்கு முயற்சி பண்ண வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்வதுகூடத் தானாக வருகிற உரிமை கிடையாது, அனுமதி மனு போட்டுத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நீயும் அவளும் நேருக்கு நேர் பேச வேண்டிய இடம் அது. அங்கே போய், அவள் உன் தங்கச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனதைப் பேசாதே. அதற்கு வேறு மனு இருக்கிறது. வாய்தாவுக்கு ஒன்றுகூடத் தவறாமல் போ. வராமல் இருந்தால் மனுவையே தள்ளுபடி செய்துவிடுவார்கள். வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் கொடுப்பார்கள், அதை வாங்கி வைத்துக்கொண்டால் போனிலேயே அடுத்த தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். வக்கீல் குமாஸ்தாவின் பின்னால் அலைய வேண்டியதில்லை.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. அவளுக்கு ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் என்னென்னவோ அனுப்பியிருக்கிறாய். நீயே படித்துக் காட்டினாய். அத்தனையும் அச்சடித்து, சான்றிதழோடு கோர்ட்டில் குறியீடு ஆகும். கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் அதையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று இந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனிமேல் அவளுக்கு நீ அனுப்புகிற ஒவ்வொரு வரியையும், பதினைந்து வருஷம் கழித்துச் சின்னவன் படிப்பான் என்று நினைத்துக்கொண்டு அனுப்பு. வழக்குக் கட்டை பாப்பா என் பீரோவிலிருந்து எடுத்து ஒருநாள் முழுக்கப் படித்தாள், அதனால் சொல்கிறேன். அவன் பேசுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பதிவு செய்யாதே.

பணம். பார்க்க விடவில்லை என்பதற்காகப் போன மாசம் அனுப்பவில்லை என்றாய். இன்றைக்கே அனுப்பு, பாங்க் மூலமாக. பிள்ளையைப் பார்ப்பது ஒன்று, அவன் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பது வேறொன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டால் கோர்ட் ஒத்துக்கொள்ளாது. ஜீவனாம்சத்துக்குப் பழைய 125ஆவது பிரிவு என்பார்களே, போன வருஷம் ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 144. அவள் ஜீவனாம்சம் கேட்டால் இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு அதுதான் முறை. மனு போட்ட தேதியிலிருந்து கணக்குப் போடுவார்கள், இழுத்தடித்து மிச்சம் பிடிக்க முடியாது. ஓவர்டைம் பணத்தை மறைக்கலாமா என்று கேட்டாயே, மறைக்காதே. அதில் ஒரு பொய் அகப்பட்டால், பிள்ளையைப் பற்றி நீ சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

அவளிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை, இழுத்தால் தானாக இறங்கி வருவாள் என்று யாரோ சொன்னானாம். பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்று ஒரு போன் போட்டால் போதும். 2010இல் எனக்கும் அந்தக் குழுதான் வக்கீல் வைத்துத் தந்தது. அந்த யோசனை சொன்ன ஆளிடம் இனிமேல் இந்த விஷயத்தைப் பேசாதே.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். "நம்ம வம்சம், நம்ம குலதெய்வத்துக்கு மொட்டை போட வேண்டிய பிள்ளை" என்று அவள் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள். அவள் வருத்தம் எனக்குப் புரிகிறது, பேரனைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை அவளுக்கு. ஆனால் அந்த ஒரு போனால் அவர்கள் வீட்டில் கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது. அடுத்த வாரம் நான் கோயம்புத்தூர் வந்து அவளை இங்கே ஒரு மாசம் கூட்டி வந்து வைத்துக்கொள்கிறேன்.

மொட்டை என்றதும் ஒன்று. சின்னவனுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி வேண்டும் அதற்கு. அவளுடைய அண்ணன் உட்காராமல் நாம் அந்தப் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. நீ அந்த அண்ணனைச் சட்டையைப் பிடிப்பேன் என்கிறாய். அவர்தான் இன்றைக்குத் தினமும் சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். நீ ஒரு காலத்தில் என் வீட்டில் எந்த இடத்தில் இருந்தாயோ, அந்த இடத்தில் அவர் இருக்கிறார். அவருக்கு ஒரு போன் போடு. சண்டை எதுவும் பேசாதே. "மச்சான், பையனை நல்லா பாத்துக்கறீங்க" என்று மட்டும் சொல். சமாதானம் பேச ஆரம்பித்தால் அவர் வழியாகத்தான் ஆரம்பிக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் படுகிறது.

அப்படிப் பேசி ஒத்து வந்தால், ஒத்துக்கொண்டதை அணு அணுவாக எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளி ஒரு வருஷம் இங்கே என்றால் பொங்கல் அங்கே. பிறந்த நாளில் காலை யாரோடு, சாயங்காலம் யாரோடு. பள்ளிக்கூட ஃபீஸ் யார், ஆஸ்பத்திரி யார். வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ கூட்டிப் போவதானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும். வெளிநாடு என்பது உனக்கு இப்போது தூரமாகத் தெரியலாம். பிள்ளையை ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்ப 1980இல் ஹேக் நகரில் போட்ட உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது நல்லது, அது அவளுக்கும் பாதுகாப்பு. எழுதியதைக் கோர்ட்டில் கொடுத்து உத்தரவாக வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த சண்டை வரைக்கும்தான் நிற்கும்.

அவன் கொஞ்சம் பெரியவனானதும் இந்த ஏற்பாடு ஒத்துவராமல் போகலாம். அப்போது மாற்றிக் கேட்கலாம். பிள்ளைகள் விஷயத்தில் எந்த உத்தரவும் கடைசி உத்தரவு இல்லை. 1973இல் நம் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமையும் இல்லை, விளையாட்டுச் சாமானும் இல்லை என்று சொன்னதும் அதே தீர்ப்பில்தான். எங்கள் வழக்கு 2013இல் முடிந்தபோது பாப்பாவுக்குப் பத்து வயசு. பன்னிரண்டு ஆனதும் அவளே அப்பாவோடு லீவில் தங்க வேண்டும் என்றாள். நான் மறுபடி கோர்ட்டுக்குப் போகாமல் பஸ் ஏற்றி அனுப்பினேன். இப்போது மாசம் ஒரு தடவை போய்விட்டு வருகிறாள். அவருக்குச் சர்க்கரை, கால் மரத்துப்போகிறதாம். போன தடவை இவள்தான் அவருக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கறுப்பு ஷூ அவளுடைய பெட்டியில் இன்னும் இருக்கிறது. எனக்கு அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

நாளைக்கு வக்கீலைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு. மனுவை டைப் அடித்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்பு. அவள் குணத்தைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அடித்துவிடுவேன். பீஸ் கட்ட முடியவில்லை என்றால் கூச்சப்படாதே, சீட்டுப் பணம் தை மாசம் வருகிறது.

முதல் சனிக்கிழமை கிடைத்து நீ திருநெல்வேலி போகும்போது பொம்மை, ஷூ ஒன்றும் வாங்கிப் போக வேண்டாம். ஒரு வெள்ளைப் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போ. தரையில் உட்கார்ந்து, அவன் காலை அதன் மேல் வைக்கச் சொல்லி, சுற்றிக் கோடு போடு. அவனுக்குக் கூச்சமாக இருக்கும், சிரிப்பான். தேதி எழுதி மடித்து வைத்துக்கொள். திரும்பி வரும் வழியில் மதுரையில் இறங்கு, எனக்குக் காட்டு. கடைக்கு நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அக்கா